பையனுக்கு ரெண்டே முக்கால் வயசு, மேல் முன்பல்லு நாலும் சொத்தை. இது பரம்பரையா, கிருமியா?

கொருக்குப்பேட்டை_அம்மா

எல்லாருக்கும் வணக்கம், முதல் தடவையா எழுதுறேன், நீளமா போனா கோச்சுக்காதீங்க. எனக்கு ரெண்டு பசங்க. பெரியவனுக்கு ரெண்டே முக்கால் வயசு, சின்னது பொண்ணு, அஞ்சு மாசம், இன்னும் பல்லே மொளைக்கல.

பெரியவனுக்கு மேல் வரிசை முன்பல்லு நாலும் போயிடுச்சுங்க. ஒன்றரை வயசுலயே ஈறு ஓரமா சுண்ணாம்புல கோடு இழுத்தாப்ல வெள்ளையா இருந்துச்சு, நான் பால் ஆடை ஒட்டியிருக்குன்னு நெனச்சு ஈரத்துணி வெச்சு தொடச்சு தொடச்சு பாத்தேன், போகல. அப்புறம் அது மஞ்சளாச்சு, ப்ரவுன் ஆச்சு, போன வாரம் முறுக்கு கடிக்கும்போது ஒரு பல்லோட ஓரம் உடைஞ்சு என் கைல வந்துச்சு, நொய்யரிசி சைஸ்ல. அத பேப்பர்ல மடிச்சு பீரோல வெச்சிருக்கேன், ஏன் வெச்சேன்னு எனக்கே தெரியல.

எங்க அத்தை (மாமியார்) சொல்றது, இது உங்க வீட்டு ரத்தம், உனக்கும் ஸ்கூல் படிக்கும்போதே பல்லு புடுங்கினாங்கல்ல, அதான் புள்ளைக்கும் வந்திருக்குன்னு. அது உண்மைதான், ஒன்பதாவது படிக்கும்போது எனக்கு கடவாய்ப்பல்லு ரெண்டு எடுத்தாங்க. சரின்னு வீட்டுப் பக்கத்துல ஒரு க்ளினிக் போனேன், அங்க ஒரே கூட்டம், டாக்டர் ரெண்டு நிமிஷம்தான் பேசினாங்க. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்னு ஒரு பாக்டீரியாதான் காரணம், பெரும்பாலும் அம்மாகிட்ட இருந்துதான் குழந்தைக்கு வரும், ஜெனெடிக்ஸ் டெஸ்ட்லயே நிரூபிச்சிருக்காங்கன்னு சொன்னாங்க. ஷேர் ஆட்டோல வரும்போது முந்தானைய மூடிக்கிட்டு அழுதுட்டே வந்தேன். பரம்பரைன்னாலும் நான்தான் காரணம், கிருமின்னாலும் நான்தான் காரணமா?

நான் தையல் கம்பெனில வேலை, வீட்டுக்கு வர ராத்திரி 8 ஆயிடும். அத்தைதான் பாத்துக்கறாங்க. தூங்க வைக்க பாட்டில்ல பால், ரெண்டு ஸ்பூன் சக்கரை, இப்ப ஒரு வருஷமா சக்கரை வேணாம்னு பனங்கல்கண்டு போடுறாங்க. பாட்டில் வாய்லயே இருக்கும், அப்படியே தூங்கிடுவான்.

கேள்வி இதுதான். டாக்டர் ஜெனெடிக்ஸ்னு சொன்னது என் டிஎன்ஏவா இல்ல கிருமியோட டிஎன்ஏவா? இதுக்கு டெஸ்ட் ஏதாவது எடுக்கணுமா? சின்னவள எப்படி காப்பாத்துறது? அத்தைய திட்டாதீங்க ப்ளீஸ், அவங்க இல்லன்னா நான் வேலைக்கே போக முடியாது.

பெரம்பூர்_லேப்_அக்கா

தங்கச்சி, மொதல்ல கண்ண தொடச்சுக்கோ. டாக்டர் சொன்ன ஜெனெடிக்ஸ் உன்னோடது இல்ல, கிருமியோடது. ரெண்டு நிமிஷத்துல சொன்னதால உனக்கு ரெண்டும் கலந்துடுச்சு. நான் மைக்ரோபயாலஜி முடிச்சுட்டு ஆறு வருஷம் லேப்ல இருந்தேன், வாய்ல இருக்குற பாக்டீரியா வளக்குறதுதான் வேலை, அதனால இந்த மியூட்டன்ஸ எனக்கு நல்லா தெரியும்.

நான் கண்ணால பாத்தத சொல்றேன். ஒரே கிருமிய ரெண்டு டெஸ்ட் ட்யூப்ல விடுவோம், ஒண்ணுல க்ளூக்கோஸ், இன்னொண்ணுல நாம டீக்கு போடுற அதே சக்கரை. மறுநாள் காலைல எடுத்துப் பாத்தா க்ளூக்கோஸ் ட்யூப் அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி கலங்கலா இருக்கும், கவுத்தா மொத்தமா கொட்டிடும். சக்கரை ட்யூப்ல கண்ணாடி செவுத்துல பொடிப்பொடியா வெள்ளையா அப்பிக்கிட்டு இருக்கும், கவுத்தாலும் வராது, குழாய்ல பிடிச்சாலும் வராது, பிரஷ் விட்டு தேய்ச்சாத்தான் வரும். மொதல் தடவ பாத்தப்ப எனக்கு பக்குன்னு ஆச்சு, ஏன்னா பல்லுலயும் இதுதான நடக்குது.

அந்த பசைய செய்யறது மூணு ஜீன். ஜிடிஎஃப்-பி, ஜிடிஎஃப்-சி, ஜிடிஎஃப்-டி. மொத ரெண்டும் பக்கத்து பக்கத்துல ஒட்டி இருக்கும், மூணாவது தள்ளி வேற இடத்துல. இந்த ஜீன்கள்ல இருந்து வர்ற என்சைம் சக்கரைய, அதாவது சுக்ரோஸ, ரெண்டா வெட்டும், வெட்டின க்ளூக்கோஸ ஒண்ணோட ஒண்ணு கோத்து சரம் மாதிரி ஆக்கும், அதுக்கு பேரு க்ளூக்கான். பி ஜீன் செய்யுற சரம் பெரும்பாலும் தண்ணில கரையாது, சி கரையறதும் கரையாததும் ரெண்டும் செய்யும், டி செய்யறது கரையும். சுக்ரோஸ்ல க்ளூக்கோஸையும் ஃப்ரக்டோஸையும் சேத்து வெச்சிருக்குற அந்த ஒரு இணைப்பு உடையும்போது வர்ற சக்திய வெச்சுத்தான் இந்த கோக்குற வேலையே நடக்கும், அதனாலதான் வெறும் க்ளூக்கோஸ் குடுத்தா பசை வரல. க்ளூக்கோஸ், ஃப்ரக்டோஸ் மாதிரி வேற சக்கரை குடுத்தாலும் ஆசிட் செய்யும், ஆனா பசை செய்ய அதுக்கு சுக்ரோஸ்தான் வேணும். 1993ல இந்த ஜீன்கள உடைச்ச கிருமிய எலி வாய்ல விட்டுப் பாத்தாங்க, பல்லோட வழவழப்பான பக்கத்துல சொத்தை ரொம்பவே கொறஞ்சு போச்சு. உன் பையனுக்கு வந்திருக்கறதும் அந்த வழவழப்பான பக்கத்துலதான், முன்பல்லோட முன்பக்கம், ஈறு ஓரம்.

மிச்ச சக்கரைய அது தின்னுட்டு லாக்டிக் ஆசிட் விடும். மேல பசை மூடியிருக்குறதால எச்சில் உள்ள போய் கழுவ முடியாது. பிஎச், அதாவது புளிப்ப அளக்குற அளவு (கொறைய கொறைய புளிப்பு ஜாஸ்தி), 5.5க்கு கீழ எறங்கினா பல்லோட மேல் ஓடான எனாமல்ல இருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைய ஆரம்பிக்கும், நீ பாத்தியே சுண்ணாம்பு கோடு, அது அதான். வாய்ல இருக்குற மத்த பாக்டீரியா நெறைய அந்த ஆசிட்ல சோந்து போகும், இது சோராது, உடம்புக்குள்ள வர்ற ஆசிட்ட வெளிய இறைக்கற மாதிரி ஒரு பம்ப் வெச்சிருக்கு, கடல் தண்ணி ஏறின படகுல இருந்து தண்ணி மொண்டு ஊத்துவாங்களே அப்படி, அதுக்கும் தனி ஜீன் தொகுப்பு உண்டு.

இதோட மொத்த ஜீனோமையும், அதாவது டிஎன்ஏ முழுசையும் எழுத்து எழுத்தா, 2002லயே படிச்சு முடிச்சுட்டாங்க. யுஏ159னு ஒரு ரகம், சொத்தை இருந்த ஒரு குழந்தை வாய்ல இருந்து எடுத்ததுதான். சுமார் 20 லட்சத்து 30 ஆயிரம் எழுத்து, 1,963 ஜீன். நமக்கு 300 கோடி எழுத்து. அவ்ளோ சின்னது, அதுல இவ்ளோ வேலை.

அம்மா விஷயத்துக்கு வர்றேன். காஃபீல்ட், லீன்னு ரெண்டு பேர் 1995ல 34 அம்மா-குழந்தை ஜோடிகளோட கிருமிய எடுத்து, டிஎன்ஏவ என்சைம் போட்டு துண்டாக்கி ஜெல்லுல ஓட்டிப் பாத்தாங்க. அப்படி ஓட்டினா பார்கோடு மாதிரி கோடு கோடா வரும், ஒரே ரகம்னா கோடு அப்படியே பொருந்தும். 71 சதவீத ஜோடிக்கு பொருந்துச்சு. உங்க டாக்டர் சொன்னது இதத்தான் இருக்கும். ஆனா இது என்ன சொல்லுது? கிருமி எந்த வாய்ல இருந்து எந்த வாய்க்கு வந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லுது. உன் ரத்தத்துல சொத்தைப் பல்லு இருக்குன்னு சொல்லல. உங்க அத்தை சொல்றதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

காசிமேடு_பாப்பா_அப்பா

யக்கா, எங்க வீட்லயும் இதே கததான். எம் பொண்ணுக்கு மூணு வயசுல ஆறு பல்லு பூச்சி. படக கரை ஏத்திட்டு காத்தால வருவேன், டீக்கடைல பொறை வாங்கி டீல முக்கி அவளுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய், இது தெனமும் நடக்கும், அதுல எனக்கு அவ்ளோ சந்தோஷம். அப்புறம் டாக்டர் சொன்னப்ப என் வாய்லயும் பாத்தாங்க, எனக்கு உள்ள அஞ்சு சொத்தை. அம்மாகிட்ட இருந்துதான் வரும்னு எப்படி சொல்றாங்க, நான் தின்ன ஸ்பூன்லதான அவ தின்னா? எங்க வீட்ல அவங்கம்மா பல்லு எல்லாம் முத்து மாதிரி கீது.

கொருக்குப்பேட்டை அம்மா, நீங்க ஒருத்தரே சுமக்காதீங்க இத.

எனக்கு ரெண்டு சந்தேகம். வெல்லம், கருப்பட்டி, பனங்கல்கண்டு எல்லாம் உடம்புக்கு நல்லதுன்றாங்களே, அது பல்லுக்கும் பரவால்லியா? அப்புறம் இன்னா, புள்ளைக்கு முத்தமே குடுக்கக்கூடாதா இனிமே? அது என்னால முடியாது.

பெரம்பூர்_லேப்_அக்கா

அண்ணா, கல்கண்டுன்றது கிட்டத்தட்ட சுத்தமான சுக்ரோஸ், பனைல இருந்து வந்தாலும் கரும்புல இருந்து வந்தாலும் அந்த என்சைமுக்கு வித்தியாசம் தெரியாது. வெல்லம், கருப்பட்டியும் பெரும்பங்கு அதேதான், அதுல இருக்குற இரும்புச்சத்து பல்லுக்கு காவல் நிக்காது. தேன்ல சுக்ரோஸ் கம்மி, ஆனா அதுலயும் ஆசிட் வரும், அதோட ஒரு வயசுக்குள்ள குழந்தைக்கு தேன் தொட்டு வைக்கவே கூடாது, அது வேற ஆபத்து, சேனை வைக்கிறேன்னு தேன் தடவுறவங்க கவனிக்கணும்.

அப்பா வாய்ல இருந்தும் வரும் அண்ணா, நீங்க கேட்டது நியாயம். முத்தத்தப் பத்தி டாக்டர் யாராவது வந்து சொல்லுங்க.

ராயபுரம்_குழந்தைப்பல்_டாக்டர்

வேலை முடிச்சுட்டு இப்பதான் படிச்சேன். பெரம்பூர் அக்கா சொன்ன சயின்ஸ் சரி, ஆனா ஒரு இடத்துல நான் கொஞ்சம் மாத்தி சொல்லணும், ஏன்னா இத அரைகுறையா சொல்லி அம்மாங்கள குத்தவாளி ஆக்குறத நான் தெனம் பாக்குறேன், எனக்கு அது மனசுக்கு ஒப்பல.

1995 ஆராய்ச்சி ஒரு ஆரம்பம். அப்பல்லாம் 19 மாசத்துல இருந்து 31 மாசத்துக்குள்ள ஒரு கதவு திறக்கும், அப்பதான் கிருமி உள்ள வரும்னு நெனச்சாங்க. அப்புறம் இன்னும் நுணுக்கமா பாத்தப்ப பல்லு மொளைக்கறதுக்கு முன்னாடியே சில குழந்தைங்க வாய்ல இருந்துச்சு, ஒரே குழந்தைகிட்ட ரெண்டு மூணு ரகம் இருந்துச்சு, அம்மாகிட்ட இல்லாத ரகமும் இருந்துச்சு. அப்பா, பாட்டி, அண்ணன், பால்வாடில கூட உக்காந்து பொம்மைய மாத்தி மாத்தி வாய்ல வெக்கிற பசங்க, எல்லாருமே கதவுதான். அதனால முத்தம் குடுங்க காசிமேடு அண்ணா, தாராளமா குடுங்க. ஸ்பூன பகிர்ந்துக்காம இருந்தா நல்லது, ஊதி ஆத்தி வாய்ல வெச்சு பாத்து குடுக்கறத விட்டா நல்லது, ஆனா அதவிட முக்கியம் வீட்ல பெரியவங்க சொத்தைய அடைச்சுக்கணும், வாய்ல அஞ்சு ஓட்டை இருந்தா அஞ்சும் கிருமிக்கு குடோன்.

அடுத்தது, கிருமி இருக்குறதும் சொத்தை வர்றதும் ஒண்ணு இல்ல. மியூட்டன்ஸ் இருந்தும் ஒரு பல்லு கூட கெடாத பசங்கள நான் பாத்திருக்கேன். அது தனியாவும் வேலை செய்யாது. பால்பல் சொத்தைல ஸ்கார்டோவியா விக்ஸியேன்னு ஒரு பாக்டீரியா வரும், லாக்டோபேசில்லஸ்னு இன்னொரு பாக்டீரியா வரும், அப்புறம் காண்டிடான்ற பூஞ்சை, குழந்தைங்க நாக்குல வெள்ளையா படியுமே அதே ஆள்தான். மியூட்டன்ஸோட அந்த ஜிடிஎஃப்-பி என்சைம் போய் காண்டிடா மேல ஒட்டிக்கிட்டு அங்கயும் பசை செய்யும், ரெண்டும் சேந்தா படலம் இன்னும் தடிக்கும். 2023ல செலினோமோனஸ் ஸ்பூட்டிஜெனான்னு இன்னொன்னு மியூட்டன்ஸுக்கு கூட்டாளின்னு கண்டுபிடிச்சாங்க, அதுவரைக்கும் அத ஈறு நோய்க் கிருமின்னுதான் வெச்சிருந்தோம். இவ்ளோ பேருக்கும் சாப்பாடு ஒண்ணுதான், சக்கரை.

பரம்பரை கேள்விக்கு நேரா பதில் சொல்றேன் கொருக்குப்பேட்டை அம்மா. ஆஸ்திரேலியால 485 ஜோடி ரெட்டைக் குழந்தைங்க வாய்ல இருந்து எடுத்துப் பாத்த ஆராய்ச்சி 2017ல வந்துச்சு. சில பாக்டீரியா அளவு குழந்தையோட சொந்த ஜீன பொறுத்து இருக்கு, அது உண்மை. ஆனா சொத்தையோட சம்பந்தப்பட்டது அந்த பாக்டீரியா இல்ல, சக்கரை ஜாஸ்தி ஆக ஆக பரம்பரையா வர்ற பாக்டீரியா கொறஞ்சுது. எனாமல் தரம், எச்சில் இதுலயெல்லாம் குடும்ப ஜீனுக்கு கொஞ்சம் பங்கு உண்டு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா மேல் முன்பல்லு நாலும் போய், கீழ் முன்பல்லு நல்லா இருந்தா (இருக்குதா பாருங்க) அது ரத்தம் போட்ட கோலம் இல்ல, பாட்டில் போட்ட கோலம். பாட்டில் சப்பும்போது நாக்கு கீழ்ப்பல்ல மூடிக்கும், கீழ எச்சில் சுரப்பியும் பக்கத்துல இருக்கு, மேல்பல்லு மட்டும் பால்ல ஊறும். தூங்கும்போது எச்சில் ரொம்ப கம்மியா சுரக்கும், பகல்ல ஆசிட்ட எச்சில் கழுவி பல்ல பழைய நெலைக்கு கொண்டுவரும், ராத்திரி அந்த ஆள் லீவு.

டெஸ்ட் எதுவும் வேணாம். ஜீன் டெஸ்ட் எடுத்துத் தர்றேன்னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க, எந்த ரகம்னு தெரிஞ்சாலும் வைத்தியம் மாறப்போறதில்ல. ஆன்டிபயாட்டிக் குடுத்து கிருமிய அழிக்கவும் பாக்கக்கூடாது, கொஞ்ச நாள்ல திரும்ப வந்துடும். தடுப்பூசிக்கு பல வருஷமா முயற்சி நடக்குது, கைக்கு இன்னும் எதுவும் வரல.

செய்ய வேண்டியது சொல்றேன். பெரியவனுக்கு பாட்டில் பால்ல இனிப்ப ஒரே நாள்ல நிறுத்தினா வீடே ரணகளம் ஆகும், அதனால ரெண்டு ஸ்பூன் ஒன்றரை ஆகட்டும், ஒண்ணு, அரை, அப்புறம் பால்ல தண்ணி கலந்து கலந்து கடைசில வெறும் தண்ணி, பத்து பதினஞ்சு நாள்ல முடிஞ்சிடும். இல்லன்னா டம்ளர்ல பால குடிக்க வெச்சு, பல்லு தேச்சு, அப்புறம் படுக்க வைங்க. பேஸ்ட் வாங்கும்போது ட்யூப்ல பொடி எழுத்துல ப்ளோரைடு 1000 பிபிஎம்னு இருக்கான்னு பாருங்க, பொம்மை படம் போட்ட குழந்தைங்க பேஸ்ட் சிலதுல ப்ளோரைடே இருக்காது. மூணு வயசு வரைக்கும் ஒரு அரிசி அளவு, அதுக்கு மேல பட்டாணி அளவு, நீங்களே தேச்சு விடணும், ராத்திரி தேய்க்கறத மட்டும் விட்டுடாதீங்க. உடைஞ்ச பல்லுக்கு கோட்டை ஸ்டேஷன் எதிர்ல அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, கொருக்குப்பேட்டைல இருந்து ட்ரெய்ன் புடிச்சாலே போயிடலாம், குழந்தைங்க பிரிவு தனியா உண்டு. ப்ளோரைடு வார்னிஷ், அதாவது பல்லு மேல பூசுற ப்ளோரைடு மருந்து, வெப்பாங்க. சில்வர் டையமைன் ப்ளோரைடுன்னு ஒரு மருந்து இருக்கு, ட்ரில் பண்ணாம தொட்டு வெச்சாலே சொத்தை பரவறது பெரும்பாலும் நிக்கும், ஆனா அந்த இடம் கறுப்பாயிடும், முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டா பயப்பட மாட்டீங்க. பால்பல்லுதான விழுந்துடும்னு விட்டுடாதீங்க, சீழ் வெச்சா கீழ வளர்ற நிலையான பல்லுக்கும் பாதிப்பு வரும்.

அந்த க்ளினிக் டாக்டர் மேல கோவம் வேணாம், ஆனா அம்மாகிட்ட இருந்து வரும்னு சொல்லிட்டு அனுப்பினது தப்புதான்.

கொருக்குப்பேட்டை_அம்மா

படிச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். டாக்டர், உடனே போய் தூங்குற பையன் கீழ் உதட்ட எறக்கி டார்ச் அடிச்சுப் பாத்தேன், கீழ் முன்பல்லு நாலும் பளிச்சுன்னு இருக்கு, ஒரு புள்ளி இல்ல. அத்தைய எழுப்பி காட்டினேன். மேல பாருங்க கீழ பாருங்கன்னு ரெண்டையும் காட்டினேன், பரம்பரைன்னா கீழ்ப்பல்லு மட்டும் எப்படி தப்பிச்சுதுன்னு கேட்டேன். சண்ட போடுற மாதிரி கேக்கல, எனக்கே அப்பதான் புரிஞ்சுது, அந்த ஆச்சரியத்துல கேட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லல, கொஞ்ச நேரம் கழிச்சு கல்கண்டு டப்பாவ எடுத்து மேல் அலமாரில வெச்சுட்டு வந்து படுத்துட்டாங்க.

அக்கா, ஒண்ணு கேக்கணும். இந்த கிருமி எப்பத்துல இருந்து இருக்கு? எங்க பாட்டிக்கு எண்பது வயசு வரைக்கும் பல்லு இருந்துச்சே.

பெரம்பூர்_லேப்_அக்கா

நல்ல கேள்வி தங்கச்சி, எனக்கு ரொம்பப் புடிச்ச கேள்வி. பேரு வெச்சது 1924ல, க்ளார்க்னு ஒரு ஆராய்ச்சியாளர். சொத்தைப் பல்லுல இருந்து எடுத்தப்ப அது ஒரு நேரம் உருண்டையா, ஒரு நேரம் முட்டை வடிவமா மாறி மாறி தெரிஞ்சுது, அதான் மாறுறதுன்னு அர்த்தம் வர்ற மாதிரி மியூட்டன்ஸ்னு வெச்சார். ஆனா அது எவ்ளோ பழசுன்னு ஜீனோம் வெச்சுத்தான் தெரிஞ்சுது. 2013ல 57 ரகத்தோட ஜீனோம ஒப்பிட்டுப் பாத்தாங்க. எழுத்து மாறியிருக்குற விதத்த வெச்சு பின்னோக்கி கணக்கு போட்டா, சுமார் 10,000 வருஷம் முன்னாடி இதோட எண்ணிக்கை கிடுகிடுன்னு பெருக ஆரம்பிச்சிருக்கு, மனுஷன் விவசாயம் பண்ண ஆரம்பிச்ச காலம் அது. நாம தானியம் வெதச்சோம், அது நம்ம வாய்ல குடியேறுச்சு. வெள்ளச் சக்கரை சல்லிசா கெடச்சது ரொம்ப பின்னாடி, உங்க பாட்டி வாய்லயும் அந்த கிருமி இருந்திருக்கலாம், அதுக்கு தீனி கெடச்சிருக்காது.

இன்னொன்னு, இது பக்கத்துல செத்த பாக்டீரியாவோட டிஎன்ஏவ உள்ள இழுத்து தன்னோடதா ஆக்கிக்கும், அதுக்குன்னே ஜீன் வெச்சிருக்கு. அதனால ஒரு ரகம் மாதிரி இன்னொரு ரகம் இருக்காது. எல்லாத்துக்கும் பொதுவா இருக்கறது 1,490 ஜீன்தான், மிச்சம் ஆளுக்கு ஆள் வேற.

கொருக்குப்பேட்டை_அம்மா

பன்னெண்டு நாள் கழிச்சு எழுதுறேன். கோட்டை ஸ்டேஷன் எதிர்ல அந்த காலேஜுக்கு லீவு போட்டு போனேன், காலைல 7 மணிக்கே போய் சீட்டு வாங்கினேன். ரெண்டு பல்லுக்கு அந்த கறுப்பாகுற மருந்து, மத்ததுக்கு வார்னிஷ், மூணு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்க. பையன் கண்ணாடில பாத்துட்டு கறுப்பு பல்லு கறுப்பு பல்லுன்னு தெருவுல எல்லார்கிட்டயும் காட்டிட்டு திரியறான், எனக்கு மொதல்ல கஷ்டமா இருந்துச்சு, இப்ப இல்ல. பாட்டில்ல இப்ப பாதி தண்ணி, இனிப்பு இல்ல. மூணு நாள் ராத்திரி அழுதான், அத்தைதான் தோள்ல போட்டு மாடில நடந்தாங்க, ஒரு வார்த்த சலிச்சுக்கல. எனக்கு ரெண்டு சொத்தை அடைக்க டோக்கன் போட்டிருக்கேன்.

ஒரு சந்தேகம் டாக்டர். நேத்து சின்னவ வாய்ல வெரல் விட்டப்ப கீழ் ஈறுல சுருக்குன்னு ஏதோ பட்டுச்சு, ஸ்பூன் வெச்சா டிக்குன்னு சத்தம் வருது. இதுக்கு இப்பவே பேஸ்ட் போடணுமா?

ராயபுரம்_குழந்தைப்பல்_டாக்டர்

போடணும் மா, இன்னிக்கே ஆரம்பிங்க. அரிசி அளவுல ஒரு தடவல், 1000 பிபிஎம், ராத்திரி ஒரு தடவ காலைல ஒரு தடவ. குழந்தைய மடில படுக்க வெச்சு, தலை உங்க வயித்துப் பக்கம் இருக்கட்டும், அப்பதான் உள்ள தெரியும். பாட்டிக்கும் அதே மாதிரி படுக்க வெச்சு தேய்க்க சொல்லிக் குடுங்க, நீங்க வர்றதுக்குள்ள தூங்கிட்டா அவங்கதான செய்யணும்.